பழைய ஜீப்பும் பத்தாண்டுக் காகிதமும்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் சிங்கப்பூரில் கார் வாங்கியவராக இருக்க வேண்டும். பத்து வயதை நெருங்கிய சுசுகி ஜிம்னி ஒன்றை விலை பேச நண்பர் ஒருவரோடு காக்கி புக்கிட் பக்கம் போயிருந்தேன். விலையைக் கேட்டு நண்பர் வாயைப் பிளந்தார். விற்பவர் சிரித்தார். "வண்டியை இனாமாத் தர்றேன் தம்பி, நீங்க காசு கொடுக்கப்போறது காகிதத்துக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் காகிதத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஊரில் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர்-பை-ஃபோர் வண்டியைக் காடு மேடு ஏறும்படி கட்டுவதைப் பற்றிப் பேச முடியாது. மற்ற ஊர்க்காரர்கள் டயரில் தொடங்குவார்கள். நாம் சிஓஇயில் தொடங்க வேண்டியிருக்கிறது.

சிஓஇ என்பது இங்கே வண்டி வைத்திருக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ். 1990 மே மாதம் அந்த முறை வந்தது. ஏலத்தில் எடுக்கும் சான்றிதழுக்கு ஆயுள் 10 ஆண்டு. அது முடியும்போது வண்டியைப் பதிவுநீக்கம் செய்யலாம், அல்லது முந்தைய மூன்று மாத ஏலத் தொகைகளின் சராசரியைக் கட்டி இன்னொரு 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். பத்து ஆண்டுக்குள் வண்டியை ஒப்படைத்தால் கிடைத்திருக்கும் பார்ஃப் கழிவு, அதாவது பதிவுக் கட்டணத்தில் திரும்பி வரும் பங்கு, புதுப்பித்த உடனே போய்விடும். அதன் பிறகு சாலை வரியிலும் கூடுதல் ஏறுகிறது. பத்து வயதைத் தாண்டினால் 10 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு கூடி, 14 வயதைத் தாண்டினால் 50 விழுக்காடு. அதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த வாகனப் பரிசோதனை ஒவ்வோர் ஆண்டும் வந்து நிற்கும்.

இதில் 5 ஆண்டா, 10 ஆண்டா என்பது வெறும் பணக் கணக்கு இல்லை. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. காலம் முடிந்தால் வண்டி போய்த்தான் ஆக வேண்டும். பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அடுத்த பத்துக்கும் வழி உண்டு. இன்னும் ஐந்தே ஆண்டில் இரும்புக் கடைக்குப் போகப்போகும் வண்டியில் யார் இரு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலைத் திறந்து, அதைப் பூட்டும் லாக்கர் போடுவார்கள்? அவர்கள் டயர், கயிறு சுற்றி இழுக்கும் வின்ச், கூரைத் தட்டு என்று கழற்றி எடுத்து அடுத்த வண்டிக்கு மாற்றக்கூடியவற்றில்தான் காசு போடுவார்கள். பத்து ஆண்டு கட்டியவர் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைச் சுரண்டி வெல்டிங் அடிப்பார், கியர் விகிதத்தில் கை வைப்பார். பட்டறையில் ஒரு பழைய வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தாலே உரிமையாளர் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே விளையாடுகிறது. ஏ பிரிவு 1,600 சிசிக்குள், 97 கிலோவாட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு. 1,328 சிசி ஜிம்னி அதில் வசதியாக அடங்கிவிடும். லேண்ட் குரூஸரோ, பஜேரோவோ பி பிரிவு. 2023 அக்டோபரில் பி பிரிவு ஏலத் தொகை 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. சிறிய எஞ்சின், சிறிய உடம்பு, ஆனால் மெதுவாக, வலுவாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் உண்டு என்ற ஒரே காரணத்தால் ஜிம்னி இந்த ஊரின் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை ஆகிவிட்டது. ஏழை என்ற சொல்லைச் சிங்கப்பூர் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுவரலாமே என்று கேட்பார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்து பதிவு செய்ய இங்கே வழியில்லை. விதிவிலக்கு, 35 வயதைக் கடந்த செவ்வியல் வாகனங்களுக்கான திட்டம். அதில் சான்றிதழ்த் தொகை மிகக் குறைவு. ஆனால் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்தான் சாலையில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அழகு பார்க்க அது சரி, கட்டி முடித்த வண்டியை அடிக்கடி ஓட்டிப் பார்க்க நினைப்பவருக்குச் சரிப்படாது. ஆக, நம்மிடம் இருக்கும் பழைய ஃபோர்-பை-ஃபோர் வண்டிகள் பெரும்பாலும் இங்கேயே புதிதாக வந்து, இங்கேயே வயதாகி, யாரோ ஒருவரின் பிடிவாதத்தால் புதுப்பிக்கப்பட்டவை. எண்ணிக்கை குறையுமே தவிர அதிகமாகாது.

இத்தனைக்கும் இந்த ஊருக்கும் இந்த வண்டிகளுக்கும் உறவு பழையது. ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பி 1956 மார்ச்சில் வந்து சேர்ந்த இடம் சிங்கப்பூர். ஒரு வண்டிக்கு ஆக்ஸ்ஃபர்டு என்றும் மற்றதற்குக் கேம்பிரிட்ஜ் என்றும் பெயர். அந்த ஆக்ஸ்ஃபர்டு வண்டி பல கை மாறி, அட்லாண்டிக் நடுவே செயின்ட் ஹெலினா தீவில் பாழடைந்து கிடந்து, மீட்கப்பட்டு, 2019 ஆகஸ்டில் இதே சிங்கப்பூரிலிருந்து கிளம்பி டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. அறுபது வயதைத் தாண்டிய வண்டி! அதன் மேலுடம்பு அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. சேசிஸும் முன்பக்கத் தடுப்பும் இரும்பு. இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் ஒன்று மற்றதை அரிக்கும். பழைய லேண்ட் ரோவரை வெளியிலிருந்து பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த ஓரங்களில்தான்.

வண்டி இருக்கிறது, இறங்கத் தடம்? இந்தத் தீவில் அனுமதியோடு சேற்றில் இறங்க இடம் இல்லை என்றே சொல்லலாம். இயற்கை வனப்பகுதிகளுக்குள் வண்டி விட முடியாது, மிச்சக் காட்டில் பெரும் பகுதி ராணுவப் பயிற்சி நிலம். தேசிய சேவையில் ராணுவ லேண்ட் ரோவரோ, மெர்சிடிஸ் பென்ஸ் எம்பி 290 வண்டியோ ஓட்டியவர்களுக்கு மட்டும் அந்தச் செம்மண் பாதைகள் ஞாபகத்தில் இருக்கும். எல்லாரும் போவது கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கு. ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி சுமார் 40 கிலோமீட்டர், அதை ஒட்டி குனோங் பந்தி மலை. இன்னும் வடக்கே போனால் காஹாங். அங்கிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலான கம்போங் பெத்தாவுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் மண் பாதை.

வண்டியை எப்படிக் கட்டுவது என்பதை இந்தப் புவியியல்தான் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ தடத்துக்கு மட்டும் ஒரு வண்டியைக் கட்டி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நமக்கு ஒரே வண்டி. வெள்ளி இரவு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து, நெடுஞ்சாலையில் வேகமாகப் போய், சனி முழுக்கச் சகதியில் உழன்று, ஞாயிறு இரவு அதே வண்டியில் வீடு திரும்பி, திங்கள் காலை அதிலேயே வேலைக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை நிலையத்தில் பிரேக், புகை, விளக்கு, அடிப்பாகம் எல்லாம் தேற வேண்டும். இணையத்தில் கொட்டிக்கிடக்கும் அயல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து வண்டி கட்டுபவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்த வண்டிகள் இந்தத் தேர்வை எழுதுவதே இல்லை.

எஞ்சினை மாற்றவும் எக்ஸாஸ்ட்டை மாற்றவும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்தக் கூடாது. சேற்றுக்கு அகல டயர் நல்லது என்று நினைப்பவருக்கு இந்த ஒரு விதியே பாதி ஆசையை வெட்டிவிடும். எதைச் செய்வதாக இருந்தாலும் ஆணையத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுப்பது நல்லது. "இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் கழட்டிட்டு, அப்புறம் மாட்டிக்கலாம் அண்ணே" என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. சாலையில் நிறுத்திப் பார்க்கும் அதிகாரிக்கு அந்தச் சமாதானம் செல்லாது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கும் செல்லாது.

சரி, வண்டிக்கு அடியில் போவோம்.

என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் எதையும் மாற்றக் கூடாது. இருப்பதை மீட்க வேண்டும். ஈரப்பதம் குறையாத ஊர் இது. பெட்டி வடிவச் சேசிஸுக்குள் சேறு புகுந்தால் வெயிலுக்கும் காயாது. உள்ளிருந்து துரு தின்னும், வெளியே பெயின்ட் பளபளக்கும். ஜிம்னியில் பார்க்க வேண்டிய இடங்கள் சேசிஸின் பின்முனை, பின் சக்கர வளைவு, ரேடியஸ் ஆர்ம் மாட்டியிருக்கும் தாங்கி. சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென்று ஒலிக்கும். பலாப்பழம் வாங்கப் பழகிய கை அந்த வித்தியாசத்தைத் தவறவிடாது. வின்ச்சும் மீட்புக் கொக்கியும் சேசிஸில்தான் மாட்டப்போகிறோம். அரித்த சேசிஸில் மூவாயிரம் கிலோ இழுவிசை விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது முன்சக்கர ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். ஜிம்னியில் டாஷ்போர்டுப் பொத்தானை அழுத்தினால் வெற்றிடக் குழாய்கள் வழியாக முன்சக்கர ஹப் பூட்டிக்கொள்ளும். பத்து ஆண்டு வெயிலில் அந்த ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் விளக்கு சிமிட்டும், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் மாறும், முன்சக்கரம் மட்டும் ஓய்வெடுக்கும். ஓட்டுபவர் நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று நம்பி மேட்டில் ஏறுவார். இருபது வெள்ளிக் குழாயை மாற்றினால் தீரும் கோளாறுக்காக இரண்டாயிரம் வெள்ளி டயர் வாங்கியவரை எனக்குத் தெரியும். பலர் இந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டுக் கையால் திருப்பும் ஹப்புக்கு மாறிவிடுகிறார்கள். மழையில் இறங்கித் திருப்ப வேண்டும். ஆனால் திருப்பினால் நிச்சயமாகப் பூட்டியிருக்கும்.

இப்போது டயர். எல்லா மாற்றத்துக்கும் மூலம் அது. சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவே உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்குகிறோம். பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் முழு அச்சு உள்ள பழைய வண்டியில் மிகத் தாழ்ந்த இடம் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை, சுருக்கமாக டிஃப். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஓர் அங்குலம்கூட எழும்பாது. அதை எழுப்புவது டயர் மட்டும்தான். பழைய சுசுகி எஸ்ஜே413-ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்ற அதே வண்டி. அதில் 205/70 ஆர்15 டயருக்கு விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். 31 அங்குல டயர் போட்டால் 787 மில்லிமீட்டர். வித்தியாசத்தில் பாதி, அதாவது கிட்டத்தட்ட 60 மில்லிமீட்டர், டிஃபுக்குக் கீழே இடமாகக் கிடைக்கும். ஸ்பிரிங்கை உயர்த்துவது அந்தப் பெரிய டயர் மட்கார்டில் இடிக்காமல் சுழல இடம் கொடுக்கத்தான்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. அந்த வண்டியின் முதல் கியர் விகிதம் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.268, டிஃப் 3.727. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 30.9. எஞ்சின் 30.9 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஊர்ந்து போகும் வலு இந்த எண்ணில் இருக்கிறது. டயர் 18 விழுக்காடு பெரிதானால் நடைமுறையில் இந்த எண் 26 அளவுக்கு இறங்கிவிடும். 1.3 லிட்டர் எஞ்சின் மேட்டில் மூச்சு வாங்கும், கிளட்ச் தேயும், வேகத்தைக் கூட்டி மோதி ஏற வேண்டி வரும். அப்படி மோதும்போதுதான் ஆக்ஸில் உடைகிறது. பரிகாரம் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பல்சக்கரத்தை மாற்றுவது. 4.16 விகிதமுள்ள பல்சக்கரத் தொகுதி இந்த வண்டிகளுக்கு நெடுநாளாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் பழைய 30.9 சுமார் 56.6 ஆகிறது. பெரிய டயரோடு சேர்த்தாலும் 48. எஸ்ஜே வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து விலகி, தனிப் பெட்டியாக, இடையில் ஒரு குட்டித் தண்டோடு உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸைத் தொடாமலே இறக்கிவிடலாம். இந்தக் குட்டி வண்டியை உலகமே கொண்டாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய டயரில் வேகமானியும் பொய் சொல்லும். முள் 90 காட்டும்போது வண்டி உண்மையில் 106-ல் போய்க்கொண்டிருக்கும். விரைவுச்சாலைக் கேமரா முள்ளைப் பார்த்து அபராதம் எழுதுவதில்லை.

வண்டியைத் தூக்குவதில் இன்னொரு சங்கடம். ஜிம்னியின் முன் அச்சை இரண்டு ரேடியஸ் ஆர்ம் பிடித்திருக்கின்றன. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினால் அந்த ஆர்ம்களின் கோணம் மாறி, அச்சே கொஞ்சம் முன்பக்கம் உருண்டுவிடும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது கையை விட்டாலும் நேராகப் போக உதவுகிறது அல்லவா, அந்தச் சாய்வு இங்கே குறைந்துவிடுகிறது. விளைவு, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் இரு கையாலும் பிடிக்க முடியாத உதறல் எடுக்கும். ஜோகூர் நெடுஞ்சாலையில் அப்படி ஒருமுறை உதறிய வண்டியில் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். ஓரமாக நிறுத்தியதும் இருவரும் ஐந்து நிமிடம் பேசவில்லை. இந்தச் சாய்வைத் திருத்தும் புஷ் போட்டு, அச்சைக் குறுக்கே பிடிக்கும் பான்ஹார்டு ராடையும் நீளம் மாற்றக்கூடியதாக வைத்தால் சரியாகும். ஸ்பிரிங் விற்பவர் இதைத் தானாகச் சொல்வது அபூர்வம்.

சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, எதிர்ச் சக்கரம் கல்லாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண டிஃப் இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். வழுக்கும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு சொற்ப விசை போதுமோ, அதே சொற்ப விசைதான் பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் போகும். நான்கு சக்கர இயக்கம் என்று பெயர் இருந்தாலும், குறுக்குமறுக்காக இரண்டு சக்கரம் காற்றில் தூக்கினால் வண்டி அங்கேயே நிற்கும். லாக்கர் என்பது இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே தண்டாகப் பூட்டுவது. காற்றழுத்தத்தில் பூட்டும் ஏஆர்பி வகையைப் பொத்தானில் போடலாம், எடுக்கலாம். தானாகப் பூட்டும் வகைகள் மலிவு. ஆனால் மழை பெய்த தாரில் வளைவில் வாலை ஆட்டும். வீட்டுக்கும் அதே வண்டி என்பவருக்கு நான் பொத்தான் வகையைத்தான் சொல்வேன், அதுவும் முதலில் பின்பக்கம் மட்டும். முன்பக்கம் லாக்கரும் பெரிய டயரும் சேர்ந்தால், ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பிய நிலையில் அழுத்தும்போது திரும்பும் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் சுசுகியின் பிர்ஃபீல்டு மூட்டு உடைவது வழக்கம்.

இதே குடும்பத்தில் இன்னொரு பாடமும் உண்டு. இந்தப் பழைய வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃப் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். தாரில் வழுக்காது, முறுக்கு முழுக்கத் தண்டுகளில் ஏறும். செம்பனைத் தோட்டத்தின் மண் பாதை முடிந்து தார் வந்ததும் ஃபோர் வீலை எடுக்க மறந்து, கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கம்பியை நெம்பிக்கூட எடுக்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு. பின்னோக்கிக் கொஞ்சம் ஓட்டினால் முறுக்கு இறங்கும், கம்பி தானாக விடும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்வார்கள். இங்கே சொல்லுக்குச் சொல் அதேதான், முதலில் ஒருவர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சின் அந்த நொடியே செத்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் அதற்குத்தான். ஆனால் ஸ்நார்க்கல் மாட்டியவர்களில் பாதிப் பேர் பிரீதர் குழாயை மறந்துவிடுகிறார்கள், என் பார்வையில் அதுதான் பெரிய தவறு. டிஃபும் கியர்பாக்ஸும் மூச்சு விடச் சின்னத் துளை உண்டு. ஓடிச் சூடான டிஃப் ஆற்றில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், வெற்றிடம் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வண்டி ஓடும், ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் கியர் எண்ணெய் தே தாரேக் போல நுரைத்துக் கிடக்கும், பேரிங் அரித்திருக்கும். நான்கு மீட்டர் ரப்பர்க் குழாயை வாங்கி எல்லாத் துளைகளையும் பானெட் உயரத்துக்கு இழுத்துக் கட்டினால் இந்தக் கதையே இல்லை. செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

வின்ச் பற்றி ஒரே ஒரு கணக்கு. வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு என்பது பொதுவான அளவு. ஆனால் வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் எண், டிரம்மில் கயிற்றின் முதல் அடுக்குக்கு மட்டும் பொருந்தும். அடுக்கு ஏற ஏற இழுவிசை குறையும். சேற்றில் புதைந்த வண்டியைக் கிளப்ப அதன் எடையைவிட அதிக விசை தேவைப்படும், சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கயிற்றில் பெரும்பகுதியை இழுத்துவிட்டு, தூரத்து மரத்தில் கப்பி போட்டு இரட்டித்தால் வேகம் பாதி, விசை ஏறக்குறைய இரட்டிப்பு. எஃகுக் கயிறு அறுந்தால் வாள்போல் வீசும். செயற்கை இழைக் கயிறு அந்த விஷயத்தில் பாதுகாப்பு, வெயிலும் மணலும் அதற்கு எதிரி. இழுவைக் கயிற்றை டிரெய்லர் உருண்டையில் மட்டும் மாட்டாதீர்கள். உடைந்து பறக்கும் அந்த உருண்டை கண்ணாடியைத் துளைத்து உயிரை எடுத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

விளக்கு வரிசை, கூரைத் தட்டு, ஜெர்ரி கேன் பற்றி நிறையப் பேச விருப்பமில்லை. புகைப்படத்துக்கு நல்லவை. எடை மேலே ஏறினால் குறுகிய வண்டி பக்கவாட்டுச் சரிவில் கவிழும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்தத்தின் உயரத் தடையும் காத்திருக்கும்.

ஜோகூர்த் தடங்களில் பலவும் காட்டு வழியாகப் பிறந்தவை அல்ல, வேலை வழியாகப் பிறந்தவை. ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் எல்லைப் பாதைகள், வெட்டுமர லாரிகள் போன வழிகள். ஒரு காலத்தில் நம் ஆட்கள் பால்வாளியோடு நடந்த தோட்டங்கள் சிலவற்றின் ஓரமாகத்தான் இன்று மட் டயர் உருள்கிறது. உலகப் போருக்குப் பின் எஞ்சிய ராணுவ லாரிகளைப் பிரித்துச் சேர்த்து, வின்ச் மாட்டி, காட்டு மரத்தை இழுத்த சான் தை வோங் லாரிகள் மலேசியாவில் புகழ்பெற்றவை. பழைய வண்டியை வேலைக்கேற்பக் கட்டுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1997 முதல் வேண்டுமென்றே மழைக்காலம் பார்த்து நடத்தப்படும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியும் அதே சேற்றிலிருந்து வந்ததுதான். பாகங்களுக்கும் ஜோகூர்தான் கதி. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளை விற்கும் ஹாஃப்கட் கடைகளில், சிங்கப்பூரில் கிடைக்கவே கிடைக்காத கியர்பாக்ஸ் மண்ணில் புரண்டு கிடக்கும்.

அங்கே போகவும் சில காகிதங்கள் வேண்டும். 2025 ஜூலை 1 முதல் விஇபி எனும் வாகன நுழைவு அனுமதி ஒட்டாத சிங்கப்பூர் வண்டிக்கு மலேசியாவில் அபராதம். இங்கிருந்து கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும். நிரந்தரப் பாதுகாப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. தோட்டப் பாதை என்றால் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. காவலுக்கு இருக்கும் அண்ணன் தமிழராக இருந்தால் தேநீரோடு எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்ற செய்தியும் கிடைக்கும். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழையில் கிழக்கு ஜோகூர் ஓடைகள் ஒரே இரவில் ஆறாகும். அப்போது தனி வண்டியாகப் போவது புத்திசாலித்தனம் இல்லை.

காக்கி புக்கிட்டில் பார்த்த அந்த ஜிம்னியை நண்பர் வாங்கிவிட்டார், பத்து ஆண்டுக்கே புதுப்பித்தார். முதல் பயணம் முடிந்து ஞாயிறு இரவு ஜோகூர் பாருவில் ஒரு கார் கழுவும் கடையில் ஒரு மணி நேரம் நின்றோம். சேசிஸ் ஓட்டைகளுக்குள் குழாயை விட்டு அடிக்க அடிக்கச் செம்மண் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கடைப் பையன் கொட்டாவி விட்டான். மறுநாள் காலை அவர் வீட்டு கார் நிறுத்தத்தில், வண்டியின் பின் அச்சுக்குக் கீழே தரையில் ஒரு சொட்டு எண்ணெய். அலுவலகச் சட்டையோடு மண்டியிட்டு, விரலால் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பால் நிறம் இல்லை. நல்ல கறுப்பு.